கவுதாரியை வாங்கி விடாதீர்கள்

போன வருடம் காங்கேயம் பக்கத்து நண்பர் ஒருவர் சந்தோஷமாகப் போன் செய்தார். "சின்ன வயசுல நம்ம காட்டுல காடையும் கவுதாரியும் எப்படி ஓடும்! இப்ப ஒண்ணையும் காணோம். அதான் ஐம்பது காடைக்குஞ்சு வாங்கி விட்டுட்டேன்" என்றார். மூன்றாம் நாள் விசாரித்தேன். வேலியோரம் கொஞ்சம் இறகு கிடந்ததாம். அவ்வளவுதான்.

அவர் வாங்கியது ஜப்பான் காடை. முட்டைக்கும் கறிக்கும் தலைமுறை தலைமுறையாகக் கூண்டில் வளர்த்த இனம். அடைகாக்கும் புத்தியே அதற்குப் பெரும்பாலும் மறந்துபோய்விட்டது. பருந்து நிழல் விழுந்தால் பதுங்கச் சொல்லித்தரத் தாயும் இல்லை. தப்பித்தவறிப் பிழைத்தாலும் வம்புதான். ஐரோப்பாவில் வேட்டைக்காக விட்ட பண்ணைக் காடைகள் அங்குள்ள காட்டுக் காடையோடு சேர்ந்து கலப்பினமே உண்டாகியிருக்கிறது.

ரோட்டோரம் கூண்டில் விற்கும் கவுதாரியைப் பாவம் பார்த்து வாங்கிப் பறக்கவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். அந்தக் கவுதாரி எப்படிக் கூண்டுக்கு வந்தது? பழக்கிய கவுதாரி ஒன்றைக் காட்டில் வைத்துக் கத்தவிடுவார்கள். 'யார்றா அது நம்ம இடத்துல?' என்று சண்டைக்கு வருவது கண்ணியில் மாட்டும். நீங்கள் ஒன்றை வாங்கினால் விற்றவர் மறுநாள் இரண்டு பிடிப்பார். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி கவுதாரியைப் பிடிப்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம். வனத்துறைக்குத் தகவல் சொல்வதே சரி.

சரி, தானியம் இறைத்தால் வராதா? வரும், பெரிய பறவைகள் வந்து பொறுக்கும். ஆனால் சிக்கல் பெரியவற்றிடம் இல்லை, குஞ்சிடம் இருக்கிறது. இதைத் தெளிவாகக் காட்டியது இங்கிலாந்து. அங்குள்ள சாம்பல் கவுதாரி நம்முடையதற்குத் தூரத்துச் சொந்தம். ஒரு காலத்தில் வயலெல்லாம் நிறைந்திருந்த அந்தப் பறவை கடந்த அரை நூற்றாண்டில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் குறைந்துவிட்டது. டிக் பாட்ஸ் என்ற ஆய்வாளர் 1968-இல் சசெக்ஸ் பகுதி வயல்களில் இதைத் துருவ ஆரம்பித்தார். வேட்டையோ நரியோ முதல் காரணமாக இருக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அவர் பிடித்தது களைக்கொல்லியை. 1950-களில் கோதுமை வயலில் களைக்கொல்லி வந்தது. களை போனது. களையில் வாழ்ந்த இலைப்புழு, சின்ன வண்டு, சாறுண்ணிப் பூச்சி எல்லாம் கூடவே போயின. பொரித்த முதல் இரண்டு வாரம் கவுதாரிக் குஞ்சுக்கு அவைதான் சோறு. தானியம் அந்த வயிற்றுக்கு ஆகாது. கிட்டத்தட்டப் பாதிக் குஞ்சுகள் பிழைத்த நிலை மாறி மூன்றில் ஒன்றுகூட மிஞ்சாமல் போனது. கவனியுங்கள், யாரும் பறவைக்கு விஷம் வைக்கவில்லை. புல்லுக்குத்தான் அடித்தார்கள்.

அதற்கு அவர்கள் கண்ட வழி எளிமையானது. வயலைச் சுற்றி 6 மீட்டர் ஓரத்துக்கு மட்டும் மருந்து அடிப்பதை வெகுவாகக் குறைத்தார்கள். பெரிய வயல்களின் நடுவே புல் முளைத்த மேட்டு வரப்பு போட்டார்கள். புதர்வேலிகளைத் திரும்ப வளர்த்தார்கள். சசெக்ஸிலேயே ஒரு பண்ணையில் இதையெல்லாம் சேர்த்துச் செய்தபோது விரல்விட்டு எண்ணும்படி இருந்த ஜோடிகள் நூற்றுக்கணக்கில் பெருகின.

நம் ஊருக்கு வருவோம். நம் கவுதாரியின் அறிவியல் பெயரிலேயே பாண்டிச்சேரி இருக்கிறது. இந்த வறண்ட மண்ணின் பறவை அது. கொங்கு நாட்டில் அதற்கு அமைந்த வீடு கொறங்காடு, அதாவது ஆடு மாடு மேய வேலி கட்டி விட்ட புல்காடு. கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேல், சுற்றிலும் கிளுவை வேலி. இரண்டு கிளுவை வேலிகளுக்கு நடுவே போகும் இட்டேரியில் அந்தக் காலத்தில் விடிகாலை நடந்தால் காலடியிலிருந்து விர்ரென்று ஏதாவது கிளம்பாமல் இருக்காது. இன்று ஜேசிபி வைத்து ஒரே பகலில் வேலியைப் பிடுங்கிக் கல்லுக்கால் நட்டுக் கம்பி இழுத்துவிடுகிறோம். நாலு அடி நிலம் மிச்சம். பார்க்கவும் சுத்தமாக இருக்கிறது. அந்தச் சுத்தத்தில்தான் கவுதாரிக்குக் கூடு வைக்க இடமில்லாமல் போகிறது. தரையில் புல்மறைவில் நாலிலிருந்து எட்டு முட்டை வரை இட்டு ஏறக்குறைய பதினெட்டு நாள் அசையாமல் உட்காரும் பறவைக்குக் கம்பி எதை மறைக்கும்?

கம்பிவேலி போட்டே ஆகவேண்டும் என்றால் போடுங்கள். அதையொட்டி மழைக்கு முன்னால் கிளுவைப் போத்து (வெட்டிய கிளை) ஊன்றிவிடுங்கள். சித்திரை, வைகாசியில் வரப்புக்குத் தீ வைப்பதை நிறுத்துங்கள். சித்திரையிலிருந்து புரட்டாசி வரை அது குஞ்சு பொரிக்கும் காலம். களைக்கொல்லியை வரப்பின் மேல் அடிக்காதீர்கள். வயலுக்குள் அடிக்கிறவர்கள்கூடக் கடைசி இருபது அடியை விட்டுவிடலாம். கரையான் புற்றைக் கண்டதும் மருந்து ஊற்றுவதையும் விடுங்கள். கவுதாரிக்குக் கரையான் என்றால் விருந்து. மருந்து கலந்து விதைநேர்த்தி செய்த விதை மேலே சிந்திக் கிடந்தால் மண் தள்ளி மூடிவிடுங்கள். பொறுக்கித் தின்னும் பறவைக்கு அது விஷம்.

நல்ல மனசோடு செய்யும் இன்னொரு தவறு, கொறங்காட்டில் நெருக்கமாக மரம் நட்டுக் காடாக்குவது. பசுமை என்று போட்டோ எடுக்கலாம். ஆனால் கவுதாரி வெட்டவெளியும் முட்புதரும் கலந்த இடத்துப் பறவை, தோப்பு அதற்கு வேண்டாம். சீமைக்கருவேலத்தை அழிப்பவர்களும் கொஞ்சம் பொறுமையாக அழிக்கலாம். ராத்திரி தங்க முள்மரம் தேடும் பறவைக்கு இருந்த ஒரே மரத்தையும் ஒரே நாளில் எடுத்துவிட்டால் அது எங்கே போகும்? ஒரு பக்கம் வெள்வேலும் கிளுவையும் தலை தூக்கட்டும், அப்புறம் மறுபக்கத்தை வெட்டலாம்.

கீரியைக் கொன்றால் கவுதாரி பெருகும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கீரியும் சட்டப் பாதுகாப்பில் உள்ள விலங்குதான். விஷம் வைத்தால் அதைக் கீரி மட்டுமா தின்னும்? அவிழ்த்துவிட்ட நாயும் பூனையும் செய்யும் சேதத்தை நாம் பேசுவதே இல்லை. கூடு வைக்கும் மாதங்களில் நாயைக் கட்டிவைக்கலாம், அது நம் கையில் இருக்கிறது.

கடைசியாக, எண்ணுவதில் ஏமாறுவது. காலையில் நாலு பக்கமும் சத்தம் கேட்டதும் 'கவுதாரி பெருகிடுச்சு' என்று முடிவு கட்டிவிடுகிறோம். ஆண் கத்தினால் பெண்ணும் கூடச் சேர்ந்து கத்தும், ஒன்று கத்தினால் பக்கத்து எல்லைக்காரனும் பதில் கொடுப்பான். சத்தத்தை எண்ணினால் கணக்கு நிற்காது. இங்கிலாந்தில் வசந்தத்தில் ஜோடிகளை எண்ணுவார்கள். அறுவடை முடிந்ததும் தட்டைக்காட்டில் பெரியவை எத்தனை, அந்த வருடத்துக் குஞ்சு எத்தனை என்று தனித்தனியாக எண்ணுவார்கள். நாமும் பங்குனியில் ஒருமுறை, ஐப்பசியில் ஒருமுறை, வெயில் ஏறுமுன் அதே பாதையில் நடந்து நோட்டில் எழுதலாம். ஐப்பசி நடையில் பெரியவை மட்டும் தென்பட்டு இளசு ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை என்றால், அந்த வருடம் வரப்பில் என்ன அடித்தோம் என்று நோட்டைப் பின்னால் புரட்டிப் பார்க்க வேண்டியதுதான்.