செங்காந்தள் கிழங்கு: மருந்தென்று நம்பிச் செய்யும் தவறுகள்

ஆடி மழையில் முளைவிட்டு, ஐப்பசி கார்த்திகையில் வேலியெங்கும் பூத்து, தை பிறந்ததும் கொடி காய்ந்து மண்ணுக்குள் கிழங்காக ஒடுங்கிவிடும் செங்காந்தள் தமிழ்நாட்டின் மாநில மலர். இலையின் நுனியே கம்பிச் சுருளாக நீண்டு பக்கத்துச் செடியைப் பற்றிக்கொள்ளும். அலையலையான ஆறு இதழ்கள் பச்சை கலந்த மஞ்சளாக விரிந்து, நாட்கள் செல்லச் செல்லச் செக்கச் சிவந்துபோகும். இக்கொடியின் எல்லாப் பாகங்களிலும், குறிப்பாகக் கிழங்கிலும் விதையிலும், கோல்ச்சிசின் என்னும் கடும் நஞ்சு இருக்கிறது. கண்வலிக்கிழங்கு, கலப்பைக்கிழங்கு, கார்த்திகைக்கிழங்கு, இலாங்கலி என்ற பெயர்களில் சித்த, ஆயுர்வேத நூல்கள் இதை மருந்துச் சரக்காகச் சொல்வதால், 'மூலிகைதானே' என்ற துணிச்சல் பலருக்கு வந்துவிடுகிறது.

திண்டுக்கல், திருப்பூர், கரூர் மாவட்டங்களில் இதை வயலாகவே பயிரிடுகிறார்கள். விதை நல்ல விலைக்குப் போகிறது. மருந்து நிறுவனங்கள் வாங்கும் பொருள் என்றால் அது உடலுக்கு நல்லதாகத்தானே இருக்கும் என்று ஊரில் பேசிக்கொள்வதும் உண்டு. நிறுவனம் வாங்குவது மூலப்பொருளை மட்டுமே. அதிலிருந்து கோல்ச்சிசினைப் பிரித்தெடுத்துத் தூய்மைப்படுத்தி, அரை மில்லிகிராம் அளவுள்ள மாத்திரையாக்கிய பிறகே கீல்வாத (gout) நோயாளிக்கு அது மருந்தாகிறது. அந்த மாத்திரையிலும் நோய் தீர்க்கும் அளவுக்கும் உயிருக்கு ஊறு செய்யும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு. கிழங்கிலோ, விளைந்த மண், பறித்த பருவம், எடுத்த பாகம் ஆகியவற்றைப் பொறுத்து நஞ்சின் அளவு மாறிக்கொண்டே இருக்கும். ஆகவே 'சுண்டைக்காய் அளவு', 'ஒரு சிட்டிகை' என்று வாய்வழியாக வரும் அளவுகளுக்குப் பொருளே இல்லை. போன ஆண்டு ஒருவருக்கு ஒன்றும் செய்யாத அதே சிட்டிகை, இந்த ஆண்டு இன்னொருவரை மருத்துவமனைக்கு அனுப்பலாம்.

அடுத்த தவறு, நஞ்சை நீக்குவதாகச் சொல்லப்படும் சுத்தி முறையை வீட்டில் செய்துவிட்டால் போதும் என்று நினைப்பது. கிழங்கை வில்லைகளாக அரிந்து உப்பிட்ட மோரில் இரவெல்லாம் ஊறவைத்துப் பகலில் வெயிலில் உலர்த்துவதும், அதைப் பல நாள் திரும்பச் செய்வதும் சித்த மருத்துவ முறை. ஆயுர்வேதத்தில் பசுவின் சிறுநீரில் ஊறவைப்பார்கள். இவை பொருளற்ற சடங்குகள் அல்ல. கோல்ச்சிசின் நீரில் கரையக்கூடியது. ஊறவைத்த நீர்மத்தில் ஒரு பகுதி இறங்கிவிடும். ஆனால் குறைவது வேறு, அற்றுப்போவது வேறு. எவ்வளவு எஞ்சியிருக்கிறது என்பதை ஆய்வகச் சோதனை இல்லாமல் கண்ணாலோ நாக்காலோ அறிய முடியாது. வேகவைத்தாலும் காயவைத்தாலும் இந்த நஞ்சு அழிவதில்லை. கஷாயம் வைப்பது இன்னும் மோசம். கிழங்கிலிருந்த நஞ்சு அப்படியே குடிநீருக்குள் இறங்கிவிடுகிறது. இந்தியாவின் 1945ஆம் ஆண்டு மருந்துகள், ஒப்பனைப் பொருட்கள் விதிகளில், நச்சுத்தன்மையுள்ள பாரம்பரிய மருந்துச் சரக்குகளின் அட்டவணையில் இலாங்கலி இடம்பெற்றிருக்கிறது. அட்டவணையில் உள்ள சரக்குகள் சேர்ந்த உள்மருந்துகளில், மருத்துவரின் மேற்பார்வையில் மட்டுமே உட்கொள்ள வேண்டும் என்ற எச்சரிக்கை அச்சிடப்பட வேண்டும். பயிற்சி பெற்ற சித்த மருத்துவர்களே தயங்கித் தயங்கிக் கையாளும் சரக்கை, காணொளி ஒன்றைப் பார்த்துவிட்டு அடுப்படியில் தயாரிக்க முனைவதை அறியாமை என்று மட்டும் சொல்லிக் கடந்துவிட முடியாது.

மகப்பேறு தொடர்பான பயன்பாடு தனியே சொல்லப்பட வேண்டியது. பேறுகால வலியைத் தூண்டவும் நஞ்சுக்கொடியை வெளியேற்றவும் கிழங்கை அரைத்துக் கொப்பூழைச் சுற்றியும் உள்ளங்கால்களிலும் பூசும் வழக்கம் இந்தியாவின் பல பகுதிகளில் இருந்தது. கருவைக் கலைப்பதற்கென்று உள்ளுக்குக் கொடுக்கும் கொடிய வழக்கமும் உண்டு. இது கருவை மட்டும் தேர்ந்தெடுத்துத் தாக்கும் மருந்து அன்று. தாயின் குடல், எலும்பு மச்சை, சிறுநீரகம் எல்லாவற்றையும் சேர்த்தே தாக்கும். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் இதன் பக்கமே போகக்கூடாது.

வெளிப்பூச்சுதானே, என்ன செய்துவிடும் என்பதும் பரவலான எண்ணம். மூட்டு வீக்கம், தேள்கடி, தோல் நோய், தலைப்பேன் எனப் பலவற்றுக்கும் இதைப் பூசியிருக்கிறார்கள். கிழங்குச் சாறு தோலில் அரிப்பையும் எரிச்சலையும் உண்டாக்கும். புண்ணோ வெடிப்போ உள்ள இடத்தில் பூசினால் நஞ்சு உள்ளே செல்லவும் வழியாகும். கண்வலிக்கிழங்கு என்ற பெயரை நம்பிக் கண்ணருகே கொண்டுபோவதை நினைத்துப் பார்க்கவும் வேண்டாம். பாம்புக்கடிக்கு இதை அரைத்துப் பூசிக்கொண்டிருந்தால், நஞ்சுமுறி ஊசி போட வேண்டிய நேரம் கைநழுவிவிடும்.

கீல்வாதத்துக்கு ஏற்கெனவே மாத்திரை எடுப்பவர், துணைக்கு இருக்கட்டும் என்று இக்கிழங்குப் பொடியையும் சேர்த்துக்கொள்வது ஒரே நஞ்சை இரண்டு வழியில் உட்கொள்வதாகும். கிளாரித்ரோமைசின் போன்ற சில நுண்ணுயிர்க்கொல்லிகளும் வெராபமில் போன்ற சில இரத்த அழுத்த மருந்துகளும் கோல்ச்சிசினை உடலில் தேங்கவைக்கும். சிறுநீரகம் அல்லது கல்லீரல் பழுதுற்றவர்களுக்கு ஆபத்து இன்னும் கூடும்.

இலங்கையில் நடந்த நச்சேற்றங்களில், காட்டில் தோண்டிய கிழங்கை வள்ளிக்கிழங்கென்று கருதி அவித்து உண்டவர்களும் இருக்கிறார்கள். கொடி காய்ந்து பூவும் இலையும் மறைந்த மாதங்களில் இந்த மயக்கம் எளிதில் நேரும். இரு கைகளாகக் கவைத்து, ஏர்க்கலப்பையின் வளைவும் கூரிய முனைகளும் கொண்டிருப்பது இதன் அடையாளம். ஆனால் ஒரு கை ஒடிந்த துண்டுக்கு அந்த அடையாளமும் இருக்காது.

எல்லாவற்றையும்விட உயிரைப் பறிக்கும் தவறு, உண்டபின் ஒன்றும் செய்யவில்லையே என்று காத்திருப்பதுதான். அறிகுறிகள் சில மணி நேரம் கழித்தே தொடங்கும். வாயிலும் தொண்டையிலும் எரிச்சல், ஓயாத வாந்தி, வயிற்று வலி, நீராகப் போகும் பேதி என்று வருவதால், பார்ப்பவர்கள் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்றோ காலரா என்றோ எண்ணிவிடுவார்கள். பேதி சற்று அடங்கியதும் பிழைத்துவிட்டார் என்று வீட்டுக்கு அழைத்துப்போவது அதைவிடப் பெரிய பிழை. கோல்ச்சிசின் உயிரணுக்கள் பிரிவதைத் தடுப்பது. ஆகவே ஓயாமல் அணுக்கள் பிரியும் குடலின் உட்படலம், எலும்பு மச்சை, மயிர்க்கால்கள் ஆகியவை அதிகம் அடிபடுகின்றன. இரண்டாம், மூன்றாம் நாட்களிலிருந்து வெள்ளணுக்களும் தட்டணுக்களும் சரியும். சிறுநீரகம், இதயம், மூச்சு ஆகியவை தடுமாறும். இக்கட்டத்தைத் தாண்டியவர்களுக்கு இரண்டாம் வார வாக்கில் முடி கொத்துக்கொத்தாக உதிர்வதுண்டு. இலங்கையில் இக்கிழங்கை உண்டு தப்பிய ஒரு பெண்ணுக்கு உடல் முழுவதும் முடி உதிர்ந்ததை 1966ஆம் ஆண்டிலேயே பிரித்தானிய மருத்துவ இதழ் பதிவு செய்திருக்கிறது. அம்முடி பிறகு முளைத்துவிடும்.

இந்த நஞ்சுக்கு வழக்கமாகக் கிடைக்கும் முறிமருந்து எதுவும் இல்லை. டயாலிசிஸ் செய்தும் இதை வெளியேற்ற முடியாது. முதல் சில மணி நேரத்தில் மருத்துவமனையில் கொடுக்கப்படும் கரித்தூளும், இழந்த நீரை ஈடுசெய்வதும், நாட்கணக்கான கண்காணிப்புமே சிகிச்சை. உப்புக் கரைசல் கொடுத்து வாந்தியெடுக்க வைப்பது, எண்ணெய் புகட்டுவது, வேப்பிலை அரைத்துக் கொடுப்பது எல்லாம் நேரத்தை விழுங்கும்; மயங்கியவருக்கு மூச்சுக்குழாயில் ஏறவும் கூடும். தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990 என்ற எண்ணை அழைத்து, உண்ட கிழங்கின் மிச்சத்தையோ கொடியின் ஒரு துண்டையோ பையில் இட்டு உடன் எடுத்துச் செல்ல வேண்டும். உண்டது எது, எப்போது என்று தெரிந்தால் மருத்துவர் சாதாரண பேதிக்கான வைத்தியத்தோடு நிறுத்திக்கொள்ள மாட்டார்.

பயிரிடுவோர் செய்யும் தவறுகள் பெரும்பாலும் கவனக்குறைவால் வருபவை. விதைக்கிழங்கை வெறுங்கையால் அரிந்து நடுவது, விதையை உடைத்த கையோடு சோறு உண்பது, விலை ஏறட்டும் என்று விதை மூட்டையைத் தானியக் குதிருக்குப் பக்கத்திலேயே அடுக்கிவைப்பது ஆகியவை வழக்கமாகிவிட்டன. கையுறை அணிவதும், விதைக்கும் விதைக்கிழங்குக்கும் பூட்டுள்ள தனி இடம் வைப்பதும், அறுவடைக்குப் பின் காய்ந்த கொடியை ஆடு மாடு மேயும் வரப்பில் வீசாமல் இருப்பதும் பெரிய செலவு பிடிக்கும் வேலைகள் அல்ல. வீட்டுத் தொட்டியில் அழகுக்கு வளர்ப்பவர்களும், காய் வெடித்ததும் செஞ்சிவப்பு விதைகளைக் குழந்தைகள் பொறுக்கி விளையாடுவதற்கு முன்பே காய்களை நறுக்கி அப்புறப்படுத்திவிட வேண்டும்.