மெடிக்கல் கடையில் கை தவறாமல் இருக்க

லைசென்ஸைக் கண்ணாடி போட்டு மாட்டியதும் கடைக்குத் தரம் வந்துவிட்டது என்று நினைக்கும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். நான் கும்பகோணத்தில் கடை வைத்திருக்கும் பார்மசிஸ்ட். சாயங்காலம் கிளினிக்குகளில் கூட்டம் கலையும் நேரத்தில் கவுன்டரில் நாலு கைகள் ஒரே சமயத்தில் சீட்டை நீட்டும். அப்போது கவனமாக இரு என்று பையனிடம் சொல்வதில் பிரயோஜனமில்லை. அவசரத்திலும் கை தப்பான டப்பாவுக்குப் போகாதபடி முன்கூட்டியே கடையை அடுக்கி வைக்க வேண்டும்.

ராக்கில் ஆரம்பியுங்கள். அகரவரிசையில் அடுக்கினால் ஃபோலிட்ராக்ஸும் ஃபோல்வைட்டும் பக்கத்துப் பக்கத்தில் உட்காரும். ஃபோல்வைட் வெறும் ஃபோலிக் அமிலம். ஃபோலிட்ராக்ஸ் என்பது மெத்தோட்ரெக்ஸேட், முடக்குவாதத்துக்கு வாரத்தில் ஒரு நாள் மட்டும் சாப்பிடுவது. தினமும் போட்டால் வாய் முழுக்கப் புண் வரும், எலும்பு மஜ்ஜை பாதிக்கும், உயிரே போகலாம். இதில் வம்பு என்னவென்றால், பெரும்பாலும் ஒரே நோயாளிக்கு இரண்டையும் சேர்த்தே எழுதுவார்கள். அதனால் மெத்தோட்ரெக்ஸேட்டை வரிசையிலிருந்து எடுத்துத் தனி டப்பாவில் வையுங்கள். கொடுக்கும்போது "எந்தக் கிழமை சாப்பிடுவீங்கம்மா?" என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் டாக்டருக்கு போன் செய்து கேட்டு, கிழமையைக் கவரில் பெரிதாக எழுதிய பிறகு கொடுங்கள்.

இன்சுலினுக்கு இதைவிடப் பொறுமை வேண்டும். திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். ஃப்ரிட்ஜ் கதவில் வைத்தால் சூடு ஏறும். ஃப்ரீஸரை ஒட்டி வைத்தால் உறைந்துவிடும். உறைந்தது உருகியபின் பார்வைக்கு நன்றாகவே இருக்கலாம், ஆனால் விற்கக் கூடாது. நடுத்தட்டில் ஒரு தெர்மாமீட்டர் வைத்து, கடை திறக்கும்போதும் மூடும்போதும் குறித்து வையுங்கள். அந்த ஃப்ரிட்ஜில் மோர் பாட்டில், டிபன் பாக்ஸ் எதுவும் கூடாது. அவற்றுக்காகக் கதவைத் திறந்து திறந்து மூடுவதுதான் முதல் கேடு. கத்தரி வெயிலில் ஸ்டாக்கிஸ்ட் (நமக்குச் சரக்கு தரும் மொத்த வியாபாரி) ஆள் ஐஸ் பேக் இல்லாமல் பைக்கில் கொண்டுவந்தால் சரக்கை வாங்காதீர்கள். முகம் சுளிப்பார், பரவாயில்லை.

சிரிஞ்சையும் பாருங்கள். நம் ஊரில் பரவலாக விற்கும் குப்பி இன்சுலின் மில்லிக்கு 40 யூனிட். அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச். 100 யூனிட் இன்சுலினுக்கு ஆரஞ்சு மூடி. 40 யூனிட் குப்பிக்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்சைக் கொடுத்துவிட்டால், 20 கோடு வரை இழுத்தாலும் உடம்பில் இறங்குவது 8 யூனிட்தான். 100 யூனிட் குப்பிக்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச் போனால் 20 யூனிட்டுக்குப் பதில் 50 இறங்கும், சர்க்கரை தாழ்ந்து ஆள் மயங்கி விழுவார். குப்பியில் உள்ள எண்ணையும் சிரிஞ்சில் உள்ள எண்ணையும் சேர்த்துப் பார்க்காமல் பில் போடாதீர்கள்.

அப்புறம் ஸ்ட்ரிப் வெட்டுவது. பேட்ச் நம்பரும் காலாவதித் தேதியும் பெரும்பாலும் ஒரு முனையில்தான் அச்சாகியிருக்கும். மறுமுனையிலிருந்து வெட்டுங்கள், மீதி உங்களிடம் அடையாளத்தோடு இருக்கும். வாங்கிப் போகிறவருக்கு அந்த இரண்டும் பில்லில் வரவேண்டும். பில் கேட்காதவருக்கும் கொடுங்கள்.

செஃபிக்ஸிம், அல்பிரசோலம் போன்றவை ஹெச்1 மருந்துகள், அதாவது டாக்டர் சீட்டின் பேரில் மட்டும், கூடுதல் கட்டுப்பாட்டோடு விற்க வேண்டியவை. அவற்றின் அட்டையில் சிவப்புக் கட்டம் இருக்கும். டாக்டர் பெயர், முகவரி, நோயாளி பெயர், மருந்து, எண்ணிக்கை எல்லாம் தனி ரெஜிஸ்டரில் ஏறவேண்டும். அதை மூன்று வருஷம் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். டிரக் இன்ஸ்பெக்டர் வருகிறார் என்றதும் ஒரே பேனாவில் மொத்தமாக எழுதுகிற கடைகளும் உண்டு. அது அவர் கண்ணுக்குத் தெரியாமல் போகாது.

தேதி முடிய மூன்று மாதம் இருக்கும்போதே மருந்தை ராக்கின் முன்வரிசைக்குக் கொண்டுவாருங்கள். ஆனால் தொடர்ந்து மாத்திரை சாப்பிடும் ஒருவர் நாலு மாதத்துக்குச் சேர்த்து வாங்கினால் அதை அவருக்குக் கொடுக்காதீர்கள். தேதி முடிந்ததை டேப் ஒட்டிய டப்பாவில், 'விற்பனைக்கு அல்ல' என்று எழுதி, விற்கும் சரக்கிலிருந்து தள்ளி வையுங்கள். ஸ்டாக்கிஸ்ட் திரும்ப எடுக்கும்வரை அது அங்கேயே இருக்கட்டும்; குப்பைத்தொட்டிக்கும் போகக்கூடாது, சாக்கடைக்கும் போகக்கூடாது.