பிரெட்னிசலோன் சாப்பிடுபவரின் ரத்த அறிக்கையைப் படிக்கும் முறை

அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டு மருந்தான பிரெட்னிசலோன் சாப்பிடுபவரின் ரத்த வெள்ளணு எண்ணிக்கை 11,000ஐத் தாண்டியதும் வீட்டார் தொற்று என்று அஞ்சுவது வழக்கம். அஞ்சுவதற்கு முன் வெள்ளணு வகைகளின் சதவீதத்தைப் பாருங்கள். அவற்றில் நியூட்ரோஃபில் ஏறி, லிம்போசைட் இறங்கி, ஈசினோஃபில் ஏறக்குறைய பூஜ்யமாக இருந்தால், அது பெரும்பாலும் மருந்தின் வேலையே. ரத்தக் குழாய்ச் சுவரில் ஒட்டியிருந்த நியூட்ரோஃபில்கள் பிடி தளர்ந்து ஓட்டத்தில் கலக்கின்றன; லிம்போசைட்டுகள் ஓட்டத்தை விட்டு எலும்பு மஜ்ஜை போன்ற இடங்களுக்கு ஒதுங்குகின்றன. மாத்திரை விழுங்கிய 4 முதல் 6 மணி நேரத்தில் இந்த இடமாற்றம் உச்சத்தை அடைவதால், மாத்திரை எடுத்த நேரத்தையும் ரத்தம் எடுத்த நேரத்தையும் அறிக்கையின் ஓரத்தில் குறித்து வையுங்கள்.

அடுத்து சி.ஆர்.பி. அளவு; இது தொற்றோ அழற்சியோ வந்தால் ரத்தத்தில் ஏறும் ஒரு புரதம். என் கணிப்பில் பலர் ஏமாறும் இடம் இதுதான். கிருமியைக் கண்ட மேக்ரோஃபேஜ் என்னும் கிருமி விழுங்கி அணுக்கள் இன்டர்லூக்கின்-1, இன்டர்லூக்கின்-6, டி.என்.எஃப். ஆகிய சைட்டோகைன்களை, அதாவது அணுக்களுக்கிடையே செய்தி சொல்லும் புரதங்களைச் சுரக்கின்றன. அவை மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதியைத் தூண்ட, பிட்யூட்டரி சுரப்பி ஏ.சி.டி.எச். என்னும் ஹார்மோனை வெளியிட, அதனால் சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரினல் சுரப்பி கார்ட்டிசால் என்னும் ஹார்மோனைச் சுரக்க, அந்தக் கார்ட்டிசால் மேக்ரோஃபேஜுக்குள் நுழைந்து என்.எஃப்.-கப்பா-பி என்னும் புரதத்தை அடக்கி, அதே சைட்டோகைன்களின் உற்பத்தியைக் குறைக்கிறது. பிரெட்னிசலோன் இந்தக் கடைசிப் படியைத்தான் வெளியிலிருந்து செய்கிறது. கல்லீரல் சி.ஆர்.பி.யை உண்டாக்குவது முக்கியமாக இன்டர்லூக்கின்-6 இன் ஏவலால் என்பதால், உள்ளே தொற்று இருந்தும் அந்த அளவு தாழ்ந்தே காட்டலாம், காய்ச்சலும் மறைந்திருக்கலாம். இன்டர்லூக்கின்-6 அணுவில் வந்து ஒட்டும் ஏற்பியையே அடைக்கும் டோசிலிசுமாப் என்ற மருந்து ஊசி போட்டுக்கொள்பவரிடம் சி.ஆர்.பி.யை நம்புவதே வீண்.

ஆகவே தொற்றை வேறு இடத்தில் தேடுங்கள். முதிராத நியூட்ரோஃபில்கள் பெருகியிருப்பதாகவோ, நியூட்ரோஃபில்களில் நச்சுத் துகள்கள் தெரிவதாகவோ ரத்தப் பூச்சு அறிக்கை (கண்ணாடித் தகட்டில் பூசிய ரத்தத்தை நுண்ணோக்கியில் பார்த்து எழுதுவது) சொன்னால், அதை மருந்தின் கணக்கில் எழுதிவிடாமல் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். இருமல், சிறுநீர் எரிச்சல், ஆறாத புண் ஆகியவற்றையும் அப்படியே கருதுங்கள்.

எண்கள் பயமுறுத்துகின்றன என்று மாத்திரையை நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள். பல வாரங்கள் தொடர்ந்து உட்கொண்டவரின் அட்ரினல் சுரப்பி, அதன் வேலையை மருந்தே செய்வதால், உறங்கிக் கிடக்கும். அந்த நிலையில் மாத்திரையையும் நிறுத்திவிட்டால், தொற்று வந்து சைட்டோகைன்கள் எவ்வளவு அழைத்தாலும் போதிய கார்ட்டிசால் சுரக்காது, ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்குச் சரியலாம். எந்த அளவில், எத்தனை நாளாக உட்கொள்கிறீர்கள் என்பதை ஒரு சீட்டில் எழுதிப் பையில் வைத்திருங்கள்.