பக்க ஃபைல்களை வெட்டி ஒட்டும்போது செய்யக் கூடாதவை

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் பழைய வீடுகளில் பெட்டிக்குள் கிடந்த புத்தகங்களை ஸ்கேன் செய்து எழுத்தாக்கும் வேலை நடக்கிறது. ஓசிஆர் (படத்திலிருக்கும் எழுத்தைப் படித்து டெக்ஸ்டாக்கும் மென்பொருள்), பக்கத்துக்கு ஒரு டெக்ஸ்ட் ஃபைல் தரும். தலையில் நிற்கும் நூல் பெயர், பக்க எண் இரண்டு வரியையும் வெட்டி, எல்லாவற்றையும் ஒன்றாக்க, லினக்ஸ் கட்டளைகளை வரிசையாக எழுதி ஓட்டும் ஷெல் ஸ்கிரிப்ட்தான் சரியான வழி. ஆனால் புதியவர்கள் திரும்பத் திரும்ப ஒரே குழியில் விழுகிறார்கள்.

படிக்கிற ஃபைலிலேயே எழுதுவது

செட் '1,2டி' 001 > 001 என்று, பக்கம் பக்கமாக ஓடும் லூப்பில் போடுகிறார்கள். செட் (sed) வரிகளைத் திருத்தும் கட்டளை; '1,2டி' என்றால் முதல் இரண்டு வரியை நீக்கு என்று பொருள். > குறியைப் பார்த்ததுமே ஷெல் அந்த ஃபைலைத் திறந்து காலி செய்துவிடும். செட் அதற்குப் பிறகுதான் படிக்க வரும். பிழைச் செய்தி ஒன்றும் வராது. ஃபைல் பட்டியல் பார்க்க எல்எஸ் மைனஸ் எல் (ls -l) அடித்தால் பெயர்களெல்லாம் வரிசையாக இருக்கும், அளவு மட்டும் 0. குப்பைத்தொட்டியிலும் கிடைக்காது. ஒரு வீட்டில் ஆச்சி ஒருவர் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு ளகர ழகரம் பார்த்துப் பார்த்துத் திருத்தியது அத்தனையும் இப்படித்தான் போனது. ஓசிஆரை மறுபடி ஓட்டிவிடலாம். திருத்தத்தை எங்கே போய்த் தேடுவது?

அதே ஃபைலைத் திருத்தித் தரும் செட் மைனஸ் ஐ (sed -i), தற்காலிக ஃபைலில் எழுதிப் பெயர் மாற்றுவதால் காலியாகாது. ஆனால் ஸ்கிரிப்டை இரண்டாம் முறை ஓட்டினால் இன்னும் இரண்டு வரி போகும், இந்த முறை நூலின் சொந்த வரிகள். இது இன்னும் மோசம்: 0 பைட் உடனே கண்ணில் படும், இரண்டு வரி படாது.

மூலம், வெட்டியது என இரண்டு ஃபோல்டர் வையுங்கள். மூலத்தில் படித்து வெட்டியதில் எழுதுங்கள். மூலம் ஃபோல்டருக்கும் உள்ளே உள்ள ஃபைல்களுக்கும் எழுதும் அனுமதியை, அனுமதி மாற்றும் சிஎச்மாட் (chmod) கட்டளை கொண்டு எடுத்துவிடுங்கள். ஃபைலுக்கு மட்டும் எடுத்தால் மைனஸ் ஐ தடைபடாது.

சேர்த்த ஃபைலை அதே ஃபோல்டரில் வைப்பது

அடுத்த முறை அதுவும் ஒரு பக்கமாகச் சேரும்.

1, 2, 10 என்று பெயர்

1-க்கு அடுத்து 10 வந்து நிற்கும். 001 என்று வையுங்கள்.

கட் மைனஸ் சி

வரியில் இத்தனையாவது எழுத்திலிருந்து இத்தனையாவது வரை என்று வெட்டும் கட்டளை (cut -c). பல லினக்ஸ் கணினிகளில் இது எழுத்தை எண்ணாது, பைட்டை எண்ணும். எழுத்தைக் கணினியில் சேமிக்கும் முறையான யூடிஎஃப்-8-இல் க 3 பைட், கா 6. 'செட்டிநாடு' 30 பைட். 1-20 என்று வெட்டினால் 'செட்டி'யோடு உடைந்த 'ந' எழுத்தின் இரண்டு பைட் ஒட்டிக்கொண்டு வரும்.

கேட் (cat) கட்டளை போட்டு ஒட்டுவது

கடைசி வரியில் வரி முடிவு இல்லாத பக்கம், அடுத்த பக்கத்தின் முதல் வரியோடு ஒட்டிக்கொள்ளும். கேட்டுக்குப் பதில் ஆக் 1 (awk 1) போடுங்கள், விடுபட்ட வரி முடிவை அதுவே சேர்க்கும். நோட்பேடில் திருத்திய பக்கங்களுக்கு மட்டும் அதற்கு முன், விண்டோஸ் வரி முடிவை லினக்ஸ் வரி முடிவாக்கும் டாஸ்2யுனிக்ஸ் (dos2unix) ஓட்டுங்கள்.