ரைஸ் மில் மேடை ஏன் ஆடுகிறது? இரண்டு தட்டுச் சட்டத்தின் திணிப்பதிர்வைக் கையால் கணக்கிடுவோம்

அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு ரைஸ் மில். பிசானம் அறுப்பு முடிந்து நெல் வந்து குவிகிற நேரம். உள்ளே இரண்டு தட்டு வைத்த இரும்பு மேடை. மேல்தட்டில் நெல் தொட்டியும், தூசி தும்பு பிரிக்கிற ஆட்டச் சல்லடையும் இருக்கின்றன. மில்கார அண்ணாச்சி சொன்ன புகார் இதுதான்: "தம்பி, தொட்டி நெறய நெல்லு கெடந்தா கல்லு கணக்கா நிக்கி. காலியாச்சுன்னா பேய் புடிச்ச மாதிரி ஆடுது, பாத்துக்கிடுங்க."

பாரம் ஏறினால் அமைதி, இறங்கினால் ஆட்டம். கேட்க முரணாக இருக்கிறது, இல்லையா? பேனாவும் சாதாரணக் கால்குலேட்டரும் இருந்தால் போதும், பதிலைக் கண்டுபிடித்துவிடலாம்.

முதலில் ஒரு வேறுபாடு

நம் ஊர்க்காரர்களிடம் அதிர்வு என்றாலே நெல்லையப்பர் கோயில் இசைத்தூண்களைச் சொல்வார்கள். தூணைத் தட்டிவிட்டுக் கையை எடுத்துவிடுகிறோம். அது தன் சுரத்தில் பாடி ஓய்கிறது. அது தன்னியல்பு அதிர்வு. சல்லடை அப்படி இல்லை. நிமிடத்துக்கு 300 தடவை மேடையை விடாமல் தள்ளி இழுக்கிறது. மேடைக்குப் பிடிக்கிறதோ இல்லையோ, அந்தத் தாளத்தில்தான் ஆடியாக வேண்டும். இதுதான் திணிப்பதிர்வு. ஆனால் எவ்வளவு ஆடும் என்பதை, மேடையின் சொந்தச் சுரம் அந்தத் தாளத்துக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்பதே முடிவு செய்கிறது.

படி 1: மேடையை இரண்டு எண்ணாகச் சுருக்குங்கள்

மேடை பக்கவாட்டில்தான் ஆடுகிறது. கீழ்த்தட்டு எவ்வளவு நகர்ந்தது, மேல்தட்டு எவ்வளவு நகர்ந்தது என்ற இரண்டும் தெரிந்தால் மேடையின் நிலை முழுக்கத் தெரிந்துவிடும். ஆகவே இதற்குச் சுதந்திர இயக்கக் கூறுகள் இரண்டு. பத்து மாடிக் கட்டடம் என்றால் பத்து. எண்ணிக்கை கூடும், முறை மாறாது.

காலித் தொட்டியோடு ஒவ்வொரு தட்டின் நிறையும் 2,000 கிலோ என்று வைப்போம். அடுத்து விறைப்பு. கீழ்த்தட்டில் செயின் புல்லி மாட்டி 5,000 நியூட்டன், அதாவது ஏறக்குறைய அரை டன் விசையில் பக்கவாட்டில் இழுத்தால் அது 1 மி.மீ. நகர்கிறது. அப்படியானால் கீழ் நிலைக்கால்களின் விறைப்பு மீட்டருக்கு 50 லட்சம் நியூட்டன். மேல் நிலைக்கால்களுக்கும் அதே அளவு என்று கொள்வோம்.

படி 2: சமன்பாடு எழுதுங்கள்

நி என்பது நிறை, வி என்பது விறைப்பு, இ என்பது இடப்பெயர்ச்சி, மு என்பது முடுக்கம்.

மேல்தட்டு: நி × மு2 + வி × (இ2 − இ1) = சல்லடையின் விசை

கீழ்த்தட்டு: நி × மு1 + வி × இ1 − வி × (இ2 − இ1) = 0

இரண்டாவது வரியில்தான் புதியவர்கள் வழுக்குவார்கள். கீழ்த்தட்டைத் தரையும் இழுக்கிறது, மேல்தட்டும் இழுக்கிறது. அதனால் இ1-ஐச் சேர்த்து எழுதும்போது 2வி வரும். அங்கே வெறும் வி என்று எழுதி ஒரு ராத்திரி முழுக்க விடை வராமல் உட்கார்ந்திருந்த ஆள் நான்.

படி 3: மேடையின் சொந்த வேகங்கள்

விசையைக் கொஞ்ச நேரம் மறந்துவிடுங்கள். இரண்டு தட்டும் ஒரே தாளத்தில் ஆடுகின்றன என்று எடுத்துக்கொண்டால், மேலே உள்ள இரண்டு வரியும் சுருங்கி இப்படி ஆகும்:

(2 − ப) × (1 − ப) − 1 = 0, அதாவது ப² − 3ப + 1 = 0

இங்கே ப என்பது கோண அதிர்வெண்ணின் (ஆட்ட வேகத்தை வினாடிக்கு இத்தனை ரேடியன் என்று சொல்வது) வர்க்கத்தை நி-யால் பெருக்கி வி-யால் வகுத்தது. விடைகள் 0.382, 2.618. வர்க்கமூலம் எடுத்தால் 0.618, 1.618. ஆமாம், அதே பொன் விகிதம்தான். சம நிறை, சம விறைப்புள்ள இரண்டு தட்டு என்றால் அழைக்காமலேயே வந்து நிற்கும்.

வி-யை நி-யால் வகுத்தால் 2,500, அதன் வர்க்கமூலம் 50. ஆக, வினாடிக்கு 30.9 ரேடியன், 80.9 ரேடியன். மில்லில் பேசுகிற கணக்கில், அதாவது நிமிடத்துக்கு இத்தனை தடவை என்ற ஆர்பிஎம்மில் சொன்னால் 295 ஆர்பிஎம், 773 ஆர்பிஎம்.

சல்லடையின் வேகம் 300. இதைப் பார்த்ததுமே நோய் என்னவென்று தெரிந்துவிட்டது. மேடையை வடிவமைத்தவர் எடை தாங்குமா என்று மட்டும் பார்த்திருக்கிறார். அதில் குறையே இல்லை. வேகத்தை யாரும் அவரிடம் சொல்லவும் இல்லை, அவர் கேட்கவும் இல்லை.

படி 4: கோலங்களாகப் பிரியுங்கள்

ஒவ்வொரு சொந்த வேகத்துக்கும் ஓர் ஆடும் கோலம் உண்டு. பொறியாளர்கள் இதை மோடு என்பார்கள். 295-இல் இரண்டு தட்டும் ஒரே பக்கம் சாயும்: கீழே 1 என்றால் மேலே 1.618. 773-இல் எதிரெதிராக ஆடும்: கீழே 1, மேலே −0.618.

இரண்டு கோலத்தையும் தட்டுத் தட்டாகப் பெருக்கிக் கூட்டிப் பாருங்கள்: 1 × 1 − 1.618 × 0.618 = 0. இந்தப் பூஜ்யம்தான் இந்த முறையின் உயிர். நிறைகள் சமமாக இல்லாவிட்டால் பெருக்கும்போது நிறையையும் சேர்த்துப் பெருக்க வேண்டும். அப்போதும் பூஜ்யமே வரும். ஒரு கோலம் மற்றதைத் தொடாது என்று இதற்குப் பொருள். பின்னிக் கிடந்த இரண்டு சமன்பாடுகளைப் பிரித்து, தனித்தனியாக இரண்டு ஒற்றை ஸ்பிரிங் கணக்குகளாகப் போட்டுவிடலாம்.

படி 5: விசையைத் திரும்பக் கொண்டுவாருங்கள்

சல்லடையின் ஆடும் பகுதி 20 கிலோ, வீச்சு 10 மி.மீ. என்றால் 300 ஆர்பிஎம்மில் அது மேல்தட்டைத் தள்ளும் விசை சுமார் 200 நியூட்டன். ஒரு ஆள் தோளால் தள்ளுகிற அளவுகூட இல்லை. இந்த விசையை அசையாமல் பிடித்திருந்தால் மேல்தட்டு 0.08 மி.மீ.தான் நகரும்.

முதல் கோலத்தின் கணக்கு இது. கோல நிறை 2,000 × (1 + 2.618) = 7,236 கிலோ. கோல விசை 1.618 × 200 = 324 நியூட்டன். கோல விறைப்பு என்பது கோல நிறையை 30.9-இன் வர்க்கத்தால் பெருக்கியது, சுமார் 69 லட்சம். விசையை விறைப்பால் வகுத்தால் 0.047 மி.மீ.

இப்போது பெருக்கம், அதாவது தாளம் சொந்த வேகத்துக்குப் பக்கத்தில் இருப்பதால் இந்த நகர்வு எத்தனை மடங்காகிறது என்பது. வேக விகிதம் 300-ஐ 295-ஆல் வகுத்தது, 1.017. போல்ட் போட்ட இரும்புச் சட்டத்துக்குத் தடை, அதாவது ஆட்டத்தைத் தானாக ஓய வைக்கிற குணம், 2 சதவீதம் என்று எடுத்தேன். மேடையை இழுத்து விட்டால் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் வீச்சு சுமார் 12 சதவீதம் குறைகிறதா என்று செல்போன் அதிர்வுமானியிலேயே சரிபார்க்கலாம்.

பெருக்கம் = 1 ÷ √[(1 − விகிதம்²)² + (2 × 0.02 × விகிதம்)²]

போட்டுப் பார்த்தால் 19 வரும். 0.047 × 19 × 1.618 = மேல்தட்டில் 1.44 மி.மீ. இரண்டாவது கோலம் எவ்வளவு சேர்க்கிறது என்று கணக்கிட்டால் 0.005 மி.மீ.; விட்டுவிடலாம். உயரமான கட்டடங்களில் இப்படிக் கண்ணை மூடிக்கொண்டு விடக் கூடாது. நிலநடுக்கத்துக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 1893, மொத்த நிறையில் குறைந்தது 90 சதவீதம் கணக்கில் வரும்வரை கோலங்களைச் சேர்க்கச் சொல்கிறது.

1.44 மி.மீ. என்ன பெரிய ஆட்டம் என்று தோன்றும். வினாடிக்கு ஐந்து தடவை, காலுக்கு அடியில், நாள் முழுக்க. போல்ட் கழன்று விழுந்ததை நானே பார்த்தேன்.

படி 6: அண்ணாச்சியின் புதிர்

தொட்டியில் ஒரு டன் நெல் கொட்டுங்கள். மேல்தட்டு 3,000 கிலோ ஆகிறது. படி 3-இல் மேல்தட்டின் (1 − ப) இப்போது (1 − 1.5ப) ஆகும், 1.5ப² − 4ப + 1 = 0. சிறிய விடை 0.279. சொந்த வேகம் 252 ஆர்பிஎம்முக்கு இறங்கிவிட்டது. சல்லடை 300-இலேயே ஓடுகிறது, இரண்டுக்கும் நல்ல இடைவெளி. பெருக்கம் 19-இலிருந்து 2.4-க்கு விழுகிறது. தொட்டி காலியாகக் காலியாக மேடையின் வேகம் 295-ஐ நோக்கி ஏறுகிறது, பேய் வருகிறது.

என்ன செய்தோம்?

சல்லடையை 240-க்குக் குறைத்தால் ஆட்டம் பத்தில் ஒரு பங்காகும். ஆனால் நெல் நிறைந்ததும் சொந்த வேகம் 252-க்கு வந்துவிடும், அப்போது புதுத் தலைவலி. தைவானின் தைப்பே 101 கோபுரத்தில் 660 டன் எஃகுக் குண்டு தொங்குகிறதே, அதுபோல எதிராடும் நிறையைக் கட்டலாம். லண்டனின் மில்லேனியம் நடைபாலம் 2000-இல் திறந்த இரண்டே நாளில் மூடப்பட்டபோதும், ஆட்டத்தை அடக்கப் பூட்டியவற்றில் இந்த வகைக் கருவிகளும் உண்டு. ரைஸ் மில்லுக்கு அது பூனைக்கு அம்பாரி கட்டின கதை.

மூலைவிட்டமாக ஆங்கிள் இரும்பில் இரண்டு தட்டுக்கும் குறுக்குச் சட்டம் அடித்தோம். திரும்ப இழுத்துப் பார்த்ததில் விறைப்பு நாலு மடங்கு. வேகம் விறைப்பின் வர்க்கமூலத்தில்தான் ஏறும். ஆகவே இரண்டு மடங்கு, காலியாக 590, நெல்லோடு 505. சல்லடையின் 300 இரண்டுக்குமே எட்டாத இடத்தில் இருக்கிறது. கணக்குப்படி ஆட்டம் 0.03 மி.மீ.

அண்ணாச்சி காலித் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்து, சல்லடையைப் போடச் சொல்லிக் குனிந்து பார்த்துக்கொண்டே நின்றார். அப்புறம் நிமிர்ந்து, "அப்ப இத இன்னும் வேகமா ஓட்டலாம்லா?" என்றார். ஒரு துண்டுத் தாளில் 505, 590 என்று எழுதி, பக்கத்திலேயே போகாதீர்கள் என்று சொல்லி அவர் கையில் கொடுத்துவிட்டு பஸ் ஏறினேன்.