வெளிநாட்டுப் பந்தயக் குதிரையை விமானம் ஏற்றும் முன் செய்ய வேண்டிய மருத்துவப் பரிசோதனைகள்

ஓசூரை அடுத்த மத்திகிரி அரசுக் கால்நடைப் பண்ணை 1824-இல் ராணுவக் குதிரைகளுக்காகவே தொடங்கப்பட்டது. குதிரைக்கு ஏற்ற தட்பவெப்பமும் பெங்களூரு பந்தயத் திடலின் அருகாமையும் ஓசூர் வட்டாரத்துக்கு இன்றும் உண்டு. வெளிநாட்டில் குதிரை வாங்கி இங்கே வைத்துப் பராமரிக்க விரும்புவோர், அதற்கு இரண்டு வேறு பரிசோதனைகள் தேவை என்பதை முதலிலேயே பிரித்து அறிந்துகொள்ள வேண்டும். ஒன்று, குதிரை ஓடத் தகுதியானதா என்று வாங்குபவருக்காகச் செய்யப்படுவது. மற்றொன்று, அது தொற்றுநோய் எதையும் சுமந்து வரவில்லை என்று அரசுக்காகச் செய்யப்படுவது. கிளாண்டர்ஸ் என்ற பாக்டீரியத் தொற்றுநோய் இல்லை என்று சான்று பெற்ற குதிரையின் முன்னங்கால் மூட்டில் எலும்புச் சில்லு இருந்தால், அரசுச் சான்றிதழ் அதைப் பற்றி எதுவும் சொல்லாது.

முதல் பரிசோதனைக்கு வரும் மருத்துவர், விற்பவரின் லாயத்துக்கு வழக்கமாக வைத்தியம் பார்ப்பவராக இருக்கக் கூடாது. குதிரையின் பழைய சிகிச்சைக் குறிப்புகளை விற்பவரிடம் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். பரிசோதனையில் தேறினால்தான் விற்பனை முடிவாகும் என்பதையும் ஒப்பந்தத்தில் சேர்த்துவிட வேண்டும். மருத்துவர் தொடங்கும்போதே, மைக்ரோசிப்பின் 15 இலக்க எண்ணையும் குதிரையின் பாஸ்போர்ட்டையும் ஒப்பிடச் சொல்லுங்கள். பாஸ்போர்ட்டில் சுழிகளும் வரைந்து காட்டப்பட்டிருக்கும். நம் ஊரில் சுழியை ராசிக்காகப் பார்ப்பார்கள். அங்கே அது அடையாளத்துக்கானது, வரைபடத்தில் உள்ள சுழி குதிரையின் உடலில் அதே இடத்தில் இருந்தாக வேண்டும்.

முழுமையான பரிசோதனை ஐந்து கட்டங்களாக நடக்கும். முதலில் குதிரையை நிற்க வைத்து இதயம், நுரையீரல், கண், பல், குளம்பு ஆகியவற்றைப் பார்ப்பார்கள். ஓய்வில் இருக்கும் வளர்ந்த குதிரையின் நாடி நிமிடத்துக்கு ஏறத்தாழ 28 முதல் 44 வரையும், உடல் வெப்பம் 37.5 முதல் 38.5 டிகிரி செல்சியஸ் வரையும் இருப்பது இயல்பு. பிறகு கடினமான தரையில் நடக்கவும் மெல்ல ஓடவும் விட்டு நொண்டலைக் கவனிப்பார்கள். ஒவ்வொரு மூட்டையும் சிறிது நேரம் மடக்கிப் பிடித்து, விட்டவுடனே ஓடச் செய்து பார்ப்பதும் இந்தக் கட்டத்தில்தான். அடுத்து வேகமான ஓட்டம், அதன்பின் ஓய்வு, கடைசியாக மறுபடியும் மெல்லோட்டம். நேரமில்லை என்று முதலிரண்டு கட்டங்களோடு முடித்துக்கொள்ள இசையாதீர்கள். வேகமாக ஓடும்போது மட்டும் கேட்கும் மூச்சு இரைச்சலும், ஓய்வுக்குப் பின் கால் விறைத்து வெளிப்படும் நொண்டலும் மீதிக் கட்டங்களில்தான் தெரியும்.

மூச்சுக்குழலைப் பொறுத்தவரை நான் எந்தச் சலுகையும் தரமாட்டேன். குரல்வளையின் இடப்பக்க நரம்பு செயலிழந்தால், அப்பக்கத்துக் குருத்தெலும்பு முழுமையாகத் திறக்காது, முழு வேகத்தில் போதிய காற்று உள்ளே போகாது. பந்தயத்துக்கு வாங்கும் குதிரைக்கு, மூக்கு வழியே கேமராக் குழாய் விட்டுப் பார்க்கும் எண்டோஸ்கோப் பரிசோதனை கட்டாயம் வேண்டும். மூட்டுகளின் எக்ஸ்ரே படங்களையும், முன்னங்கால் தசைநாண்களின் அல்ட்ராசவுண்ட் படங்களையும் அசல் கோப்புகளாகவே பெற்று, இந்தியாவில் நீங்கள் நம்பும் மருத்துவர் ஒருவரிடமும் காட்டுங்கள். வலி தெரியாமல் இருக்க மருந்து தரப்பட்டிருக்கலாம் என்பதால் அன்றே ரத்தம் எடுத்து, முத்திரையிட்டுப் பாதுகாக்கச் சொல்வதும் அவசியம். எலும்பு வலியைக் குறைக்கும் பிஸ்பாஸ்போனேட் மருந்துகள் இளம் குதிரைக்குக் கொடுக்கப்பட்டனவா என்று தனியாகவும் கேட்க வேண்டும்.

இரண்டாவது பரிசோதனைக்கு, மத்தியக் கால்நடைத் துறையின் சுகாதார இறக்குமதி அனுமதியில் என்னென்ன நிபந்தனைகள் இருக்கின்றனவோ அவற்றை வரிவரியாகப் படித்து, ஏற்றுமதி நாட்டின் அரசு மருத்துவரிடம் முன்கூட்டியே அனுப்பிவிட வேண்டும். கிளாண்டர்ஸ், குதிரைத் தொற்று ரத்தசோகை, இனச்சேர்க்கையால் பரவும் டூரைன், உண்ணி பரப்பும் பைரோபிளாஸ்மோசிஸ் ஆகியவை குதிரை இறக்குமதியில் வழக்கமாகக் கவனிக்கப்படும் நோய்கள்; இனவிருத்திக்கும் பயன்படுத்தப்போகும் குதிரையென்றால் வைரல் ஆர்ட்டெரைட்டிஸ் (வைரஸால் வரும் ரத்தக்குழாய் அழற்சி), தொற்றுக் கருப்பை அழற்சி ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். கிளாண்டர்ஸ் மனிதருக்கும் பரவக்கூடியது என்பதால் குதிரைக்காரரின் உயிரும் இதில் அடங்கியிருக்கிறது. தொற்று ரத்தசோகைக்குச் சிகிச்சையும் இல்லை. தொற்றிய குதிரை ஆயுள் முழுதும் வைரஸைச் சுமக்கும். அந்த நோய்க்கான காகின்ஸ் சோதனை, வைரஸை எதிர்க்க ரத்தத்தில் உருவாகும் எதிர்ப்பொருட்களைத் தேடுவது, அவை உருவாகப் பெரும்பாலான குதிரைகளுக்கு 45 நாட்கள் வரை ஆகலாம். ஆகவே நேற்றுத் தொற்றிய குதிரை இன்று நெகட்டிவ் என்றே காட்டும். பயணத்துக்கு முன் மற்றக் குதிரைகளோடு சேரவிடாமல் தனியே வைப்பதன் காரணம் இதுதான்.

அந்தத் தனிமையில் குதிரை மட்டுமல்ல, அதைத் தொடும் ஆளும் அடங்குவார். 2007-இல் ஆஸ்திரேலியாவில் அதுவரை இல்லாதிருந்த குதிரை இன்ஃப்ளூயன்சா இறக்குமதிக் குதிரைகளோடு நுழைந்து பந்தயங்களை நிறுத்தியது. குவாரண்டைன் நிலையத்திலிருந்து அது ஆட்கள் அல்லது உபகரணங்கள் வழியே வெளியேறியிருக்கக்கூடும் என்று விசாரணை கூறியது. இந்தியாவிலும் 1987-இலும் 2008-09-இலும் அந்த நோய் பரவியது. தடுப்பூசித் தேதிகள் பாஸ்போர்ட்டில் மருத்துவரின் கையொப்பத்தோடு இருக்கின்றனவா என்று பாருங்கள்.

விமானத்தில் நெடுநேரம் தலையை உயர்த்திக் கட்டியே வைத்திருந்தால் சளி கீழிறங்கி வெளியேற முடியாமல் நுரையீரலில் தொற்று உண்டாகலாம். கிளம்பும் நாளில் காய்ச்சலோ இருமலோ இருந்தால், இழப்பு எவ்வளவானாலும் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள்.

குவாரண்டைன் முடிந்து பண்ணைக்கு வந்ததும் முதல் சில வாரங்கள் தனிக் கொட்டகை, தனி வாளி, தனித் தூரிகை வேண்டும். செங்கல் சூளைக்கும் மலைக் கிராமங்களுக்கும் சுமை தூக்கும் கழுதை, கோவேறு கழுதைகளை அந்தப் பக்கம் விடக் கூடாது. காலையும் மாலையும் காய்ச்சல் பார்த்து எழுதிவையுங்கள். குளிர்நாட்டிலிருந்து கோடையில் வந்த குதிரைக்குப் பயிற்சியின்போது வியர்க்காமல் மேல் தோல் வறண்டு, மூச்சு மட்டும் வாங்கினால், உடனே ஓட்டத்தை நிறுத்தி, நிழலில் கட்டி, உடம்பெங்கும் தண்ணீர் ஊற்றிக்கொண்டே மருத்துவரை அழைக்க வேண்டும்.