சிங்கப்பூர் வந்தால் ஒரு மாலையைக் கூத்துக்கு ஒதுக்குங்கள்

ஊரிலிருந்து வரும் சொந்தக்காரர்கள் என்னிடம் வழி கேட்பதெல்லாம் செந்தோசா தீவுக்கும் முஸ்தபா கடைக்கும்தான். சரி, போய் வாருங்கள், ஆனால் நாலு நாள் தங்குகிறீர்கள் என்றால் ஒரு மாலையாவது இந்த ஊர் மக்கள் தங்களுக்காகவும் தங்கள் சாமிக்காகவும் ஆடிப் பாடுகிற இடத்துக்குப் போங்கள்.

விமான டிக்கெட் எடுக்கும் முன்பே நாள்காட்டியைப் பாருங்கள். சீனர்களின் ஏழாம் மாதம் பெரும்பாலும் ஆகஸ்ட், செப்டம்பரில் வரும், என்னைக் கேட்டால் அதுதான் சரியான நேரம். இறந்தவர்களின் ஆவிகள் அந்த மாதம் பூமிக்கு வரும் என்பது நம்பிக்கை, அவர்களுக்காகத் திடலிலும் கோயில் வாசலிலும் மேடை போடுவார்கள். கெத்தாய் என்றால் பாட்டு மேடை, பளபளக்கும் உடையில் ஹொக்கியன் என்ற சீன மொழியில் பாட்டாகப் பாடித் தள்ளுவார்கள். அங்கே முதல் வரிசை நாற்காலிகள் காலியாக இருக்கும், இடம் கிடைத்ததே என்று போய் உட்கார்ந்துவிடாதீர்கள், அவை ஆவிகளுக்கு. தரையில் வைத்திருக்கும் படையலையும் தாண்டிப் போக வேண்டாம். இரவு பத்தரை வாக்கில் முடித்துவிடுவார்கள், திரும்பிப் போக எம்ஆர்டி ரயில் இருக்கும்.

இன்னொன்று சீனத் தெருக்கூத்து, இங்கே எல்லாரும் மலாய்ச் சொல்லால் வாயாங் என்றுதான் சொல்வோம். இதற்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே போய்விடுங்கள், ஏனென்றால் பாதி அழகு மேடைக்குப் பின்னால் இருக்கிறது: ஓர் அம்மா சின்னக் கண்ணாடி முன் உட்கார்ந்து முகத்துக்கு வெள்ளை பூசி, கண்ணைச் சுற்றி ரோஸ் நிறம் தீற்றி, நெற்றியில் துணியை இறுக்கிக் கட்டுவார், கட்டக் கட்டப் புருவம் மேலே ஏறி அவர் முகமே வேறாகிவிடும். நம் கூத்துக் கலைஞர்கள் தாங்களே அரிதாரம் பூசிக்கொள்வதைப் பார்த்தவர்களுக்கு இது சொந்த வீடு மாதிரி இருக்கும். படம் எடுக்கக் கேட்டுக்கொள்ளுங்கள், கையைக் காட்டிக் கேட்டாலே போதும்.

ஏழாம் மாதத்தில் வர முடியவில்லையா, வார இறுதி மாலையில் எஸ்பிளனேட் போங்கள். 2002இல் திறந்த அரங்கம், டுரியான் பழம் போலக் கூரை. உள்கூடத்திலும் தண்ணீர் ஓரத் திறந்த மேடையிலும் இலவச நிகழ்ச்சிகள் நடக்கும், எது எப்போது என்று அவர்கள் இணையப் பக்கத்தில் இருக்கும். டிக்கிர் பாராட் என்று போட்டிருந்தால் விடாதீர்கள். மலேசியாவின் கிளந்தானிலிருந்து வந்த மலாய்ப் பாட்டு, ஒருவர் பாட, வரிசையாகச் சம்மணமிட்ட குழு கைதட்டி, தோளும் கையும் ஒரே வீச்சில் அசைய, திருப்பிப் பாடும். சப்பின் ஆட்டமும் பாருங்கள், அரபு வணிகர்களோடு வந்து மலாய்க்காரர்களுடையதாகவே ஆகிவிட்டது.

பரதம்தான் ஊரிலேயே இருக்கிறதே என்பீர்கள். இங்குள்ள பரதத்துக்கு வேறு கதை. இங்கே நாட்டியக் கலைஞராக இருந்த சாந்தா பாஸ்கர் 1958லேயே சீனர்களின் பட்டாம்பூச்சிக் காதலர் கதையை நம் நாட்டியத்தில் மேடையேற்றினார். நவராத்திரிக்கு வந்தால் டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயிலுக்கும், நவம்பரில் வந்தால் எஸ்பிளனேட்டின் இந்தியக் கலை விழாவான கலா உற்சவத்துக்கும் போங்கள். கோயிலில் முன்னால் உட்கார வேண்டுமானால் சாயங்காலமே போய் இடம் பிடித்துவிடுங்கள், ஆடும் பிள்ளைகளின் தாத்தா பாட்டிகள் உங்களுக்கு முன்பே வந்திருப்பார்கள்.